ஆறாவது பிள்ளை

கொளஞ்சியப்பன் யாரையும் நம்ப மாட்டார். இதை அவர் ஒளித்ததும் இல்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்வார். பண்ருட்டி மார்க்கெட்டுக்குப் பலாப்பழம் வாங்கப் போனால் கடைக்காரன் தட்டிக் காட்டுகிற பழத்தைத் தொடக்கூட மாட்டார், அதற்குப் பக்கத்தில் கிடப்பதைத்தான் தூக்குவார். பெட்ரோல் போடும்போது வண்டியை விட்டு இறங்கி, மீட்டருக்கு நேராகக் குனிந்து நின்று, சைபர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் "ம், போடு" என்பார். ஒரு தடவை மந்தாரக்குப்பத்தில் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற மோட்டாரை மாற்றிவிடுவான் என்று கடைக்காரனுக்கு எதிரிலேயே ஸ்டூலைப் போட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். "இந்த மனுசன் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பி குடுத்தவளும் போட்டோவுல இருந்தவளும் ஒருத்திதானான்னு ரெண்டு தடவ ஒத்துப் பாத்தாரு" என்று அவர் மனைவி தேவயானி குவார்ட்டர்ஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சும்மா வந்த குணம் இல்லை அது. அவருடைய அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு இருந்தது. ஒரு நிலத் தரகன் வாயெல்லாம் பல்லாக வந்து, வெறும் குத்தகைக் காகிதம்தான் பெரியவரே என்று சொல்லி, நிற்க வைத்து போட்டோ எடுத்து, மடித்த காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். காகிதத்தைப் பிரித்துப் படித்தபோது தோப்பு கைமாறிப் போயிருந்தது. "சிரிச்சிகினே கையெழுத்துக் கேக்கறவன் எதிர்ல உக்காராத, எழுந்து வந்துடு" என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். கொளஞ்சியப்பன் நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி ஏற்றிவருகிற பெல்ட்டில் வேலைக்குச் சேர்ந்து, பர்மனென்ட்டும் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் வாங்கி, அந்த ஒரு புத்தியை மட்டும் அப்பா விட்டுப்போன சொத்தாக வைத்துக் காப்பாற்றி வந்தார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய்த்தான் கையெழுத்துக் கேட்டார்கள். அதுவும் அவர் பெற்ற பிள்ளைக்கு.

மகள் பெயர் அருள்மொழி. பன்னிரண்டு வயது. தொடை எலும்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, மறுபடி முளைத்து, பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்திருந்தாள். பிறகு ஒருநாள் இருமல் வந்தது. அந்தச் சனியன் நுரையீரலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்னையில் அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அகிலா, மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். "நேரா சொல்லிடறேன். தெரிஞ்ச மருந்தையெல்லாம் குடுத்துட்டோம். இப்ப ஒரு புது மருந்து இருக்கு, கேப்சூல். பெரியவங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சு. பிள்ளைங்களுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு இப்பதான் பாத்துகிட்டிருக்கோம். இது கேட்குமான்னு எனக்குத் தெரியாது. கேட்கும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

டாக்டர் சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் கொளஞ்சியப்பனுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும், எழுந்து வந்திருப்பார். சிரிக்காமல் கேட்கிறாளே, இவள் அந்தத் தரகனையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஆளாக இருப்பாளோ என்று அவருக்கு இன்னும் அதிகமாகக் குடைந்தது.

"மொதல்ல எந்த டாக்டர் பிள்ளைக்குக் குடுத்தீங்க?" என்றார்.

தேவயானி மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். டாக்டர் கோபப்படவில்லை. "டாக்டர் பிள்ளைக்கு இந்த நோய் வந்தா அதுவும் இதே வரிசையிலதாங்க நிக்கணும்" என்றார். பிறகு அந்த வரிசை எப்படி என்று விளக்கினார். ஒரு அளவில் மூன்று பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒரு பிள்ளைக்குத் தொந்தரவு வந்தால், அதே அளவில் இன்னும் மூன்று பேரைப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் மேலே ஏறவே மாட்டார்கள், கீழே இறங்கிவிடுவார்கள். "இந்த அளவுல ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு ஈரல் கெட்டுது. நிறுத்தினதும் சரியாயிடுச்சு. அதனாலதான் இன்னும் மூணு பேர். உங்க பொண்ணு சேர்ந்தா, அவதான் ஆறாவது பிள்ளை."

கொளஞ்சியப்பன் காதில் கடைசி வார்த்தைகள் விழவில்லை. ஈரல் கெட்டது என்பதிலேயே அவர் நின்றுவிட்டார். மைன்ஸில் புது பெல்ட் போட்டால்கூட மொதல்ல காலியா ஓட்டிப் பாக்கறோம், இங்க என் பிள்ளைய ஏத்தி ஓட்டிப் பாக்கறேங்கறாங்களே என்று உள்ளுக்குள் பொருமினார்.

இதில் இன்னொரு கூத்து. கையெழுத்து வாங்குகிற அறையில் பாலகுமார் என்று ஓர் இளைஞர், இந்தச் சோதனை வேலையையெல்லாம் ஒருங்கிணைக்கிறவர், மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டினார்.

"இது எதுக்கு?"

"சட்டம் சார். எல்லாத்தையும் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம்னு பதிவு பண்ணணும். உங்க பாதுகாப்புக்குத்தான்."

போட்டோ! அதே போட்டோ! அப்பாவை முந்திரி மரத்தடியில் நிற்க வைத்து எடுத்தானே, அதுவும் பாதுகாப்புக்குத்தான். கொளஞ்சியப்பன் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

அந்தப் பேனாவை அருள்மொழி எடுத்தாள். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கையெழுத்து இருந்தது, எனக்குப் புரிந்தது, எனக்குச் சம்மதம் என்று. அதில் அவள் நிறுத்தி நிதானமாகப் போட்டாள். "அப்பா, சும்மா இருந்தா என்னாகும்னு எனக்குத் தெரியும்பா. போடு" என்றாள். தேவயானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொளஞ்சியப்பன் போட்டார்.

முதல் கேப்சூலை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். அது அருளின் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு பிரிந்துவிட்டது. அப்பப்பா, அந்தக் கசப்பு! பிள்ளை முகம் கோணி, கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து, "வேப்பங்கொட்டைய அரைச்சி வெச்சிருக்காங்கம்மா" என்று அலுத்துக்கொண்டாள். அன்று முழுக்க ஏப்பத்தில்கூட அந்தக் கசப்புதான். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையும் சாயங்காலமும் ஒன்று, எது வித்தியாசமாகப் பட்டாலும் உடனே கூப்பிட ஒரு போன் நம்பர். தேவயானி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளை சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். சுருண்டு படுத்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கொளஞ்சியப்பன் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை முழி மஞ்சளாக இருந்தது.

"என்னாங்க, அந்த நம்பருக்குப் போன் போடுங்க" என்றாள் தேவயானி.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேப்ப மரத்தடியில் நின்றார். போன் போட்டால் என்ன சொல்வார்கள்? ஒன்று, அப்படித்தான் இருக்கும், தொடர்ந்து கொடுங்கள் என்பார்கள். பிள்ளை செத்துப்போவாள். இல்லாவிட்டால், சோதனையிலிருந்து எடுத்துவிட்டோம், வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். அப்புறம் இந்த ஸ்கேன் யார் எடுப்பார்கள், ரத்தம் யார் பார்ப்பார்கள், அந்த டாக்டர் அம்மா மாதிரி உட்கார வைத்து யார் பேசுவார்கள்? டாக்டர் வேண்டும், மருந்து வேண்டாம். இரண்டையும் பிரித்து எடுக்க வழி இருக்கிறதா என்று யோசித்தார். யாரையும் நம்பாதவனுக்கு வழியா இல்லை!

உள்ளே வந்து, "பேசிட்டேன். இப்படித்தான் இருக்குமாம், ரெண்டு நாள்ல சரியாயிடுமாம்" என்றார்.

தேவயானி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மருந்து டப்பாவை எடுத்தார். ஒவ்வொரு கேப்சூலையும் மெல்லத் திருகிப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைக் கழுவும் தொட்டியில் கொட்டி, வெயில் காலத்துக்கென்று வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் பொடியை அடைத்து மூடினார். வெளியே அதே ஆரஞ்சு நிறம், அதே எழுத்து. பெல்ட் ரோலருக்கு கிரீஸ் அடைக்கிற கைக்கு இது ஒரு வேலையா? மைன்ஸில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பார். தன் வீட்டில் தானே செய்தபோது அது தப்பாகவே படவில்லை.

அப்புறம் தினமும் தேவயானி சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, திருநீறு பூசி, மகளுக்குக் குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளை தேறினாள். கண் வெளுத்தது. இட்லி கேட்டாள். ஆனால் முன்னே மாதிரி பேசவில்லை, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியப்பனுக்கு அது உறைக்கவில்லை. பார்த்தீங்களாடா, என் பிள்ளைய நான் காப்பாத்திட்டேன்டா என்று மனசுக்குள் மார் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அகிலா அறைக்குள் கூப்பிட்டு, "ஈரல் நல்லா இருக்கு. மருந்தை நல்லாத் தாங்கிட்டா" என்றார். பிறகு ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆனா கட்டி வளர்ந்திருக்கு. ரத்தத்துல மருந்தே சரியாத் தெரியல. சில பிள்ளைங்க உடம்பு வேகமாக் கரைச்சிடும். இந்த அளவு போதலைன்னு நினைக்கிறோம். அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்ற வரைக்கும் வீட்டுல மிச்சம் இருக்கிற கேப்சூலையே குடுங்க."

கட்டி வளர்ந்திருக்கு. விஷத்தைத்தான் கொட்டினோம் என்று கொளஞ்சியப்பன் இருந்தாரே தவிர, அதுதான் மருந்தாகவும் இருந்திருக்குமோ என்று அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர் தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

வெளியே வராந்தாவில் "அண்ணே!" என்று ஒரு குரல். பார்த்தால் லூர்துசாமி. மைன்ஸில் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளுகிற கான்ட்ராக்ட் ஆள், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. பக்கத்தில் அவன் மனைவி மரியசெல்வியும், தலையில் துணி கட்டிய ஒன்பது வயது மகள் ஜெனிஷாவும்.

"பாப்பாவுக்கும் அந்தக் கட்டி திரும்ப வந்துட்டுதுண்ணே. அதே மருந்துதான், ஆனா அளவு கூடவாம். திங்கக்கிழமை அட்மிஷன், அன்னிக்கே காலையில மொத கேப்சூல்."

கொளஞ்சியப்பன் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "வேணாம் லூர்து. எல்லாம் நம்ம பிள்ளைங்கள வெச்சிப் பாக்கறாங்க. கையெழுத்து போடாத."

லூர்துசாமி அவரை விநோதமாகப் பார்த்தான். "என்னாண்ணே இப்படிச் சொல்றீங்க? நான் பயந்துகினுதான் இருந்தேன். டாக்டரம்மாதான் சொன்னாங்க, இதுக்கு முந்தின அளவுல ஆறாவதா ஒரு பிள்ளைக்குக் குடுத்தோம், அதுக்கும் ஈரல் கெட்டிருந்தா நிறுத்தியிருப்போம், அது நல்லாத் தாங்கிட்டுது, அதனாலதான் கூட்டறோம்னு. யாருன்னு பேரு சொல்லல. இங்க அருள் பாப்பாவப் பாத்ததும் புரிஞ்சிகினேன். நம்ம கொளஞ்சி அண்ணன் பொண்ணுக்கே ஒண்ணும் ஆகலன்னா, அவரு எவ்ளோ பாத்துப் பாத்துச் செய்யிற ஆளு! அப்புறந்தாண்ணே எனக்கு நிம்மதியாச்சு."

கொளஞ்சியப்பன் கையை விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். மைன்ஸில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவன், அடுத்து வருகிறவனிடம் மெஷினைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். எந்த ரோலர் சத்தம் போடுகிறது, எங்கே பெல்ட் ஓரம் பிய்ந்திருக்கிறது, பெல்ட்டை நிறுத்த அவசரத்துக்கு இழுக்கிற கயிறு எங்கே மக்கர் செய்கிறது, எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். எழுதியும் வைப்பார்கள், ஆனால் வருகிறவன் எழுத்தைப் பார்க்க மாட்டான், போகிறவன் முகத்தைத்தான் பார்ப்பான். அதை நம்பித்தான் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். உலகத்தில் யாரையும் நம்பாத கொளஞ்சியப்பன் நம்புகிற ஒரே விஷயம் அதுதான். தங்கராசு என்று ஒருவன், கயிறு வேலை செய்யவில்லை என்பதைத் தன் மேல் பழி வரும் என்று மறைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு இவருடைய சட்டைக் கையை பெல்ட் கவ்வியது. சட்டை கிழிந்ததால் கை பிழைத்தது. மறுநாள் ஷிப்ட் மாற்றுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் தங்கராசுவின் சட்டையைப் பிடித்து, "சொல்லாம போனியேடா, நீ மனுசனாடா?" என்று கத்தியவர் இவர். அதற்குப் பிறகு அவன் முகத்தில் விழித்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அடுத்த ஷிப்டுக்கு வந்த அய்யனார், "என்னா மாமா, மெஷின் எப்படி?" என்று வழக்கம்போலக் கேட்டான். கொளஞ்சியப்பன் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை, சொல்வதைக் கேட்டுக்கொண்டு இறங்கத் தயாராக நின்றான். லூர்துசாமி நின்ற மாதிரியே.

"நல்லா இருக்குடா. ரெண்டாவது ரோலர மட்டும் பாத்துக்க" என்று எப்படியோ சொல்லி முடித்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சொல்லலாம்தான். சொன்னால் அருளைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏமாற்றினவன் பிள்ளைக்கு எவன் மருந்து கொடுப்பான்? கட்டி வேறு வளர்ந்து நிற்கிறது. இனிமேல் அவளுக்கு என்று இருப்பதே அந்த மருந்து ஒன்றுதான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொல்லாவிட்டால்? ஜெனிஷாவுக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம் இல்லையா? இப்படியும் அப்படியும் புரண்டு, திங்கட்கிழமை விடிந்ததும் வார லீவானதால் வீட்டிலேயே இருந்து, அடுக்களையில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்.

தேவயானி பால் வாங்கப் போயிருந்தாள். அருள் நடந்து வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அம்மா இல்லாதப்ப."

"என்னாடா கண்ணு?"

"ஆஸ்பத்திரியில எனக்கு மருந்த நிறுத்திட்டாங்களா?"

டீத்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அணைக்கவில்லை.

"கேப்சூல்ல மருந்து இல்லப்பா. எனக்குத் தெரியும். மொதல்ல ஏப்பம் வந்தாலே கசக்கும். அப்புறம் கசப்பே இல்ல. அன்னிக்கு ஒண்ணக் கடிச்சிப் பாத்தேன், இனிக்குது." அவள் குரல் அடங்கியே இருந்தது, அழவில்லை. "இனிமே நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டர் முடிவு பண்ணிட்டாங்க, இல்லப்பா? மருந்த வீணாக்க வேணாம்னு சும்மா எதையோ குடுக்கறாங்க. உங்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லிட்டாங்க. எங்கிட்ட மட்டும் மறைக்கிறீங்க. நான் அழ மாட்டேன்பா. நெசத்த சொல்லு."

எத்தனை நாளாக அந்தப் பிள்ளை இதை மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்! காலையும் சாயங்காலமும், தான் சாகப்போவது உறுதி என்று நினைத்துக்கொண்டே, அம்மாவுக்கு வருத்தமாக இருக்குமே என்று வாயைத் திறந்து அந்த இனிப்பை விழுங்கியிருக்கிறாள். கொளஞ்சியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவங்க நிறுத்தலடா" என்றார். "நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். மஞ்சள் கண், போடாத போன், கொட்டிய பொடி, குளுக்கோஸ். பால் பாக்கெட்டோடு வந்த தேவயானி வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள். கத்தவில்லை. பாக்கெட்டை மேடையில் வைத்தாள். "என் கையால குடுக்க வெச்சியேய்யா" என்றாள். "சாமியக் கும்பிட்டுட்டு, என் கையாலயே." இத்தனை வருஷத்தில் அவள் அவரை நீ என்று சொன்னது அன்றுதான்.

அருள் மட்டும் வேறொன்று கேட்டாள். "ஜெனிஷாவுக்கு இன்னிக்குத்தானே?"

கொளஞ்சியப்பன் எழுந்து ஃபிரிட்ஜ் அருகே போனார். கதவில் ஒட்டியிருந்த நம்பரை அமுக்கினார். முதல் மணியிலேயே எடுத்தார்கள். வேறு யாருமில்லை, அந்த கேமரா பாலகுமார்தான்.

"தம்பி, நான் நெய்வேலி கொளஞ்சியப்பன். லூர்துசாமி பொண்ணுக்கு மருந்து குடுத்துட்டீங்களா?"

"தட்டுல எடுத்து வெச்சாச்சு சார். ஏன்?"

"குடுக்காதீங்க. எம்பொண்ணு தாங்கல. நான் ஏமாத்திட்டேன். குடுக்காதீங்க தம்பி!"

போனைக் கீழே வைத்துவிட்டு யாரோ ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் அகிலாவின் குரல். அவர் திட்டவில்லை. எப்போது வாந்தி, எப்போது கண் மஞ்சள், சிறுநீர் என்ன நிறம், எந்த நாளோடு மருந்து நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொளஞ்சியப்பன் ஷிப்ட் மாற்றுகிறபோது சொல்கிற மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னார். முடித்ததும் டாக்டர், "அப்ப ரெண்டு பிள்ளைங்களுக்கு ஈரல் கெட்டிருக்கு. நாங்க மேல ஏறியிருக்கவே கூடாது" என்றார். அதற்குப் பிறகு, "அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா அளவைக் குறைச்சுக் குடுத்திருப்பேங்க. அவளுக்கு இவ்வளவு நாள் வீணாகியிருக்காது" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

அன்றே மூவரும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லூர்துசாமி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அடிப்பான் என்று நினைத்து கொளஞ்சியப்பன் எதிரில் போய் நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனார். லூர்துசாமி அவர் முகத்தையே பார்த்தான், ஷிப்டுக்கு வருகிறவன் பார்க்கிற மாதிரி, ஆனால் ரொம்ப நேரம்.

"அண்ணே," என்றான், "இப்ப சொல்றதாவது நெசமா?"

கொளஞ்சியப்பன் தலையை மட்டும் ஆட்டினார். அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. மரியசெல்வி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

அருளுக்கு மறுபடி மருந்து கொடுக்கலாமா என்று பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கூடிப் பேசினார்கள். டாக்டர் அகிலா அவளுக்காக வாதாடினாராம், பாலகுமார் பிறகு சொன்னார். கடைசியில் ஒரு படி குறைந்த அளவில் கொடுப்பது என்று முடிவானது. ஜெனிஷாவுக்கும் அதே அளவுதான். அப்பா கையில் மருந்து போகக் கூடாது, ஆஸ்பத்திரியில் தங்கி நர்ஸ் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை. "எதுவா இருந்தாலும் இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டேன்" என்று டாக்டர் அகிலா கொளஞ்சியப்பனிடம் முகத்துக்கு நேரே சொன்னார். "எங்கிட்ட கேளுங்க டாக்டர்" என்றாள் அருள். "நான் சொல்றேன்." இந்தத் தடவையும் அவள் கையெழுத்து போட்டாள். கேமராவும் இருந்தது. கொளஞ்சியப்பன் அதன் முன்னால் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, அடியில் தன் கையெழுத்தையும் போட்டார்.

முதல் கேப்சூலை நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். தேவயானி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கொளஞ்சியப்பன் கதவோரம், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பக்கத்துக் கட்டிலில் ஜெனிஷா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள் கேப்சூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பெட்ரோல் மீட்டருக்கு முன்னால் குனிந்து நிற்கிற அப்பாவின் அதே பார்வை. பிறகு அதை வாயில் போட்டாள். விழுங்கவில்லை. நறுக்கென்று கடித்தாள்.

"ஏய், கடிக்கக் கூடாதும்மா!" என்று நர்ஸ் பதறினாள்.

பிள்ளையின் முகம் கோணிப்போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தண்ணீரை வாங்கிக் கடகடவென்று குடித்து, வாயைத் திறந்து நர்ஸுக்குக் காட்டினாள். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, சிரித்தாள்.

"கசக்குதுப்பா" என்றாள்.